கல்பகம் கட்டிய பந்தயம்

மலக்பேட்டை ரேஸ் மைதானத்தில் கல்பகத்தின் பெயர் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. "விஸ்வநாத் ஸார் கூட வர்ற அம்மா" என்றால் தெரியும். அறுபது தாண்டிய பெண்மணி, நூல் புடவை, தோளில் துணிப்பை, பையில் தண்ணீர் பாட்டிலும் எலுமிச்சை சாத டப்பாவும். குதிரைகள் கடைசித் திருப்பத்தில் வரும்போது மைதானமே எழுந்து நின்று "மார், மார்" என்று குதிரையை அடிக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தும். இந்த அம்மா மட்டும் உட்கார்ந்தபடியே புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பாள். எழுந்தால் முட்டி வலிக்கும் என்பது ஒரு காரணம். எழுந்து கத்துகிற அளவுக்கு இது தன் விஷயம் இல்லை என்று வெகுநாள் நினைத்திருந்தது இன்னொரு காரணம்.

அவள் தொலைபேசித் துறையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் விஸ்வநாத் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பொறியாளராக இருந்தார். கும்பகோணத்துப் பெண், மாயவரத்துப் பிள்ளை, குடித்தனம் முழுக்க செகந்திராபாத். சம்பாதித்ததில் சைனிக்புரியில் ஒரு சின்ன வீடு கட்டினார்கள். ஒரே மகன் மாதவ் படித்து, ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து, சுஷ்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரின் மறுகோடிக்கு, கொண்டாப்பூருக்குப் போய்விட்டான். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் பிள்ளை. கேட்பதற்கும் விசேஷமாக ஒன்றும் மிஞ்சவில்லை.

விஸ்வநாத்துக்கு ஓய்வு ஒத்துக்கொள்ளவில்லை. மோட்டார் பம்ப்பைப் பிரித்துப் போட்டார், சேர்த்தார். மாடித் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மணியடிக்கும் கருவி ஒன்று செய்தார். அது தொட்டி நிறையாதபோதும் அடித்தது. அந்தச் சமயத்தில்தான் பழைய சகா சீதாராமன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ரேஸுக்கு அழைத்துப் போனார். சீதாராமன் அன்று நாலாயிரம் தோற்றுவிட்டு அதோடு விட்டுவிட்டார். விஸ்வநாத் ஒரு பைசா கட்டவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும்போது முகம் வேறு மாதிரி இருந்தது. வேலைக்குப் போன காலத்தில் புது புராஜெக்ட் வந்தால் இருக்குமே, அந்த முகம்.

ஒரு மாசம் பழைய பந்தய முடிவுகளை இணையத்திலிருந்து இறக்கி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார். பிறகு ஒரு காலை, காப்பி டம்ளரோடு சமையலறைக்கு வந்து நின்றார்.

"கல்பகம், ஒரு நாளைக்கு ஏழெட்டு ரேஸ் ஓடறது. அதுல எல்லாரும் ஜெயிக்கும்னு நினைக்கற குதிரை, ஃபேவரிட்னு சொல்றாளே, அது ரொம்ப பலமா இருக்கற ரேஸ் மூணு தேறும். அந்தக் குதிரை ரெண்டுக்கு ஒண்ணு, இல்லேன்னா அதுக்குக் கொஞ்சம் கம்மியா, ஜெயிக்கறது. புரியறதா?"

"புரியறது. மீதி தோக்கறது."

"தோக்கட்டுமே! ஐநூறு கட்டறேன். தோத்தா அடுத்ததுல ஆயிரம். அதுவும் தோத்தா ரெண்டாயிரம். இப்படி ஏத்திண்டே போறேன். என்னிக்கு ஜெயிக்கறதோ அன்னிக்கு விட்டதெல்லாம் திரும்ப வந்துடும், மேல ஐநூறும் வரும். உடனே மறுபடியும் ஐநூறுக்கு எறங்கிடுவேன். எப்பவாவது ஒரு தடவை ஜெயிச்சுத்தானே ஆகணும்?"

கல்பகம் அடுப்பைச் சின்னதாக்கினாள். "அது வரைக்கும் ஏத்தறதுக்குக் கையில இருக்கணுமே?"

"அதுக்குக் கணக்கு வெச்சிருக்கேன். எட்டுப் படி தாங்கும். எட்டு தடவை தொடர்ந்து தோக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீயும் வரணும். அதே ரேஸ், அதே குதிரை. ஆனா நீ ஏத்தவே கூடாது. ஜெயிச்சாலும் ஐநூறு, தோத்தாலும் ஐநூறு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் என் முறை ஒசத்தியா இல்லையான்னு தெரியும். எந்தப் பரிசோதனைக்கும் கன்ட்ரோல்னு ஒண்ணு வேணும்."

"மருந்து குடுக்காத எலி."

"அப்படியே வெச்சுக்கோயேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். அவளும் சிரித்தாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்தத் தொட்டி மணியைக் கேட்பதற்கு, போய்த்தான் பார்ப்போமே என்று இருந்தது. தன் பென்ஷனிலிருந்தே கட்டுவதாகச் சொன்னாள். அதில் அவளுக்கு ஒரு வீம்பு.

முதல் வருஷம் விஸ்வநாத் சொன்னபடியே நடந்தது. அவர் ஒரு ரேஸ் தோற்பார், இரண்டு தோற்பார், மூன்றாவதில் விட்டதைப் பிடிப்பார். அநேகமாக எல்லா நாளும் கையில் ஐநூறோ ஆயிரமோ மிச்சத்தோடு வருவார். கல்பகத்துக்கு ஒரு நாள் கொஞ்சம் வரும், மறுநாள் போகும். வருவதைவிடப் போவது சற்று அதிகம், அவ்வளவுதான். பெரிதாகத் தெரியாது. காரில் திரும்பும்போது அம்பர்பேட் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கையில் விஸ்வநாத் ஸ்டீயரிங்கில் தாளம் போடுவார். "பாவம் கல்பகம், உன் முறையில ஒண்ணும் பேராது" என்பார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி "ஆமாம்" என்பாள். முறை அவளுடையது இல்லை. ஆனாலும் தோற்றவளாகவே வீடு வந்து சேர்வாள்.

மைதானத்தில் அவளுக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை சபீனா. டோட் எனப்படும் பந்தய டிக்கெட் கவுண்டரில் ரேஸ் நாட்களில் மட்டும் வேலை. லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள், அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தார், பூர்வீகம் ஆம்பூர் பக்கம். கல்பகம் முதல் நாள் கவுண்டரில் தெலுங்கில் தடுமாறியபோது, "தமிழா அம்மா நீங்க? சொல்லுங்க, எந்த நம்பர்?" என்றவள்.

"ஸார் நோட்டக் கத்தையா நீட்டுவாரு, நீங்க ஒத்த நோட்ட நீட்டுவீங்க. கைக்கு அம்மா, வூட்ல சண்டையா?" என்று ஒரு தடவை கேட்டாள். ‘ஏன்’ என்பதற்கு அவள் வாயில் இந்த ஊர் உருதுவின் ‘கைக்கு’தான் வரும்.

"சண்டை இல்லடி. பரிசோதனை."

"ஹவ்? அப்படியா? என்ன பரிசோதனையோ. இங்க வர்றவங்க எல்லாம் ஏதோ ஒரு கணக்கோடதான் வர்றாங்க. சாயங்காலம் பெருக்குறப்போ பாருங்க, தரை பூரா கிழிஞ்ச டிக்கெட்தான்."

இரண்டாம் வருஷம் மழைக்கால சீசனில் அந்த அபூர்வம் நெருங்கி வந்தது. ஒரு ஞாயிறு மூன்று ஃபேவரிட்டும் கவிழ்ந்தன. ஒன்று கடைசி நூறு மீட்டரில் கழுத்தளவில் விட்டது. ஒன்று கிளம்பும்போதே இடறியது. மூன்றாவது ஏன் தோற்றது என்று யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் மூன்று தோல்வி. விஸ்வநாத் அன்று சாப்பிடவில்லை. அடுத்த வாரம் முதல் ரேஸும் போயிற்று. எட்டாம் படி வந்தபோது கட்ட வேண்டியது அறுபத்து நாலாயிரம். முன்கூட்டியே பாங்கில் எடுத்து, சட்டைக்குள் பனியனோடு வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

குதிரையின் பெயர் ராயல் கஸ்தூரி. மைதானத்தில் அதைத் தவிர வேறு குதிரை ஜெயிக்கும் என்று சொன்னவர்கள் யாரும் இல்லை. விஸ்வநாத் கவுண்டரில் கட்டுகளை நீட்டியபோது சபீனா ஒரு கணம் கல்பகத்தைப் பார்த்தாள். பிறகு எண்ணி வாங்கிக்கொண்டு டிக்கெட்டைக் கொடுத்தாள். பின்னால் நின்ற கல்பகம் தன் ஐநூறை நீட்டினாள். அதே குதிரைக்குத்தான்.

ராயல் கஸ்தூரி ஜெயித்தது. சும்மா இல்லை, நாலு குதிரை நீளம் இடைவெளி விட்டு, ஜாக்கி திரும்பிப் பார்த்துக்கொண்டே வரும்படி ஜெயித்தது. விஸ்வநாத் பெஞ்சில் அப்படியே சரிந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கல்பகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏன்னா, வந்துடுத்து, வந்துடுத்து" என்று அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு போர்டில் டிவிடெண்ட், ஜெயித்த டிக்கெட்டுக்குத் தரும் தொகை, ஏறியது. பத்து ரூபாய்க்குப் பன்னிரண்டு ரூபாய்.

முதலில் இருவருக்கும் புரியவில்லை. விஸ்வநாத் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஜெயித்த குதிரைமேல் கட்டியவர்கள்தான், வரியும் கழிவும் போக மீதிப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாரும் அதே குதிரைமேல் கட்டியிருந்தார்கள். அதற்கும் மேலே இவர் ஒருவரே ஒரு கூடைப் பணத்தைக் கொட்டியிருந்தார். அவர் கட்டியதே அவருக்கு வர வேண்டியதைக் குறைத்துவிட்டது. இரட்டிப்பாக வரும் என்று போட்ட கணக்கில் ஐந்தில் ஒரு பங்குதான் மேலே வந்தது. அதற்கு முந்தின ஏழு தோல்விகளில் விட்டது அப்படியே நின்றது.

"ஜெயிச்சிருக்கேன்" என்றார் விஸ்வநாத். "கல்பகம், நான் ஜெயிச்சிருக்கேன்."

"ஆமாம்னா."

"அப்புறம் எப்படி…?"

பணம் வாங்கும் வரிசையில் இருவரும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். மழை தூற ஆரம்பித்திருந்தது. முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தோளைத் தட்டிக்கொண்டார்கள். இவர்களும் ஜெயித்த டிக்கெட்டோடுதான் நின்றார்கள். கல்பகத்துக்குத் தன் ஐநூறும் அதற்குமேல் ஒரு நூறும் கிடைத்தது. அந்த நூறை என்ன செய்வதென்று தெரியாமல் வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

அன்றோடு விட்டிருந்தால் கார் மிஞ்சியிருக்கும். ஆனால் முழுக்க மீட்ட பிறகுதான் இறங்க வேண்டும் என்பது விஸ்வநாத்தின் விதி. தான் போட்ட விதியைத் தானே மீறுகிற ஆள் இல்லை அவர். இன்னும் மீளாததால் பந்தயம் குறையவில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் ஒரு பிக்சட் டெபாசிட்டை உடைத்தார். அதுவும் போதாமல் காரை விற்றார். வாங்கியவன் சைனிக்புரியிலேயே இரண்டு தெரு தள்ளி இருந்தான். தினமும் அதே கார் வாசல் வழியாகப் போயிற்று.

மாதவ் வந்தபோது காலியான போர்ட்டிகோவைப் பார்த்து நின்றான். "அம்மா, வேர் இஸ் த கார்?"

"அப்பாவுக்குக் கண்ணு சரியில்லடா. டாக்டர் ஓட்ட வேண்டாம்னுட்டார்."

"ஓ. குட் டெசிஷன், அம்மா. கேப் புக் பண்ணிக்கோங்க."

பொய் சொல்வதில் கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை அவன் அப்பாவின் கண்ணைப் பற்றிக் கேட்கும்போதும் அந்தப் பொய்க்குச் சோறு போட வேண்டியிருந்தது. அதுதான் அவளை அயர வைத்தது.

விஸ்வநாத் அப்போதும் நிறுத்தவில்லை. இரட்டிப்பாக ஏற்றியதுதான் தப்பு என்றார். இனி தோற்றால் இருநூறு கூட்டுவது, ஜெயித்தால் இருநூறு குறைப்பது என்று முறையை மாற்றினார். படிக்கட்டு போல ஏறி இறங்குவது. கல்பகத்துக்கு மட்டும் மாற்றம் எதுவும் இல்லை. அவளுடையது அதே ஐநூறு.

கார் இல்லாததால் போய்வருவதே ஒரு நாள் வேலையாயிற்று. ஆட்டோவில் ஹப்சிகுடா வந்து, மெட்ரோ ஏறி, ஊரைச் சுற்றி அமீர்பேட்டில் இறங்கி, வேறு ரயில் மாறி மலக்பேட்டை. அமீர்பேட்டில் எப்போதும் ஒரு திருவிழாக் கூட்டம். முதுகில் பையோடு கோச்சிங் பிள்ளைகள், ஹாஸ்டல் பிள்ளைகள், காதில் வயரோடு படியில் ஓடும் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே இரண்டு கிழங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறும். கல்பகத்துக்கு முட்டி தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாற்று அறுவை செய்யலாம் என்றார். பார்க்கலாம் என்று வந்துவிட்டாள்.

இன்னும் ஒன்றரை வருஷம் அப்படிப் போயிற்று. வெயிலிலும் மழையிலும், உள்ளூர் சீசன் முடிந்தால் பெங்களூரிலும் மும்பையிலும் ஓடும் குதிரைகளுக்கு இங்கே உட்கார்ந்து டி.வி.யைப் பார்த்துக் கட்டியும். விஸ்வநாத்தின் முகத்தில் பழைய புராஜெக்ட் களை போய்விட்டது. ஆபீசுக்குப் போவது போலப் போனார், வந்தார்.

ஒரு பிப்ரவரி மாதத்துச் சாயங்காலம் அவர் லேப்டாப்பை மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்தார். கல்பகம் முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள்.

"கல்பகம், விடை வந்துடுத்து."

"எதுக்கு?"

"ரெண்டு பேரும் இதுவரைக்கும் கட்டினதைத் தனித்தனியாக் கூட்டினேன். விட்டதையும் கூட்டினேன். நான் நூறு ரூபா கட்டினா அதுல பதினாறு ரூபா போயிருக்கு. இரட்டிப்பா ஏத்தினபோதும், படி படியா ஏத்தினபோதும், எல்லாம் சேத்து. உனக்கு எவ்வளவுன்னு பாத்தேன்." கண்ணாடியைக் கழற்றினார். "நூத்துக்குப் பதினஞ்சு."

அவள் தைலப் பாட்டிலை மூடினாள்.

"வித்தியாசமே இல்லை. எவ்வளவு கட்டறோமோ அதுல அவா பங்கு போயிண்டேதான் இருக்கும். ஏத்தினா என்ன, ஏத்தாட்டா என்ன? நான் நிறையக் கட்டினேன், நிறையப் போச்சு. நடுவுல ஜெயிக்கற மாதிரி ஒரு தோற்றம். நீ கொஞ்சமாக் கட்டினே, கொஞ்சமாப் போச்சு. அவ்வளவுதான். இது முதல் நாளே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் படிச்ச கணக்குதானே இது?" அவர் குரலில் துக்கம் இருந்தது, கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. "போறும். பரிசோதனை முடிஞ்சுது."

"என்னுது எவ்வளவு போச்சு?" என்று கேட்டாள் கல்பகம்.

சொன்னார். எழுபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாளும் தோற்றவர் அவர்தான், தான் கூடப்போனவள் மட்டும் என்று இருந்துவிட்டாள். காரை விற்றவர் அவர், டெபாசிட்டை உடைத்தவர் அவர். தன் பென்ஷனிலிருந்து வாரத்துக்கு நானூறும் ஐநூறுமாகக் கசிந்தது அவள் கண்ணில் படவே இல்லை. காய்கறிக்காரனிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவள். எழுபதாயிரம்.

"இதுக்கா மூணு வருஷம் என்னை இழுத்துண்டு போனேள்?" என்றாள். கோபமாகத்தான் சொல்ல நினைத்தாள். வெறும் அசதியாகத்தான் வந்தது.

"மன்னிச்சுக்கோ" என்றார் விஸ்வநாத்.

அன்று ராத்திரி அவர் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார். மறு வாரமே சைனிக்புரி பூங்காவில் நடைப்பயிற்சிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு விடை. அது கிடைத்ததும் குதிரை அவர் மனசை விட்டு இறங்கிவிட்டது.

கல்பகத்துக்குத்தான் இறங்கவில்லை.

முதல் ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் படுத்தாள். கடிகாரம் ஒன்றே முக்கால் காட்டியது. இந்நேரம் முதல் ரேஸுக்குக் குதிரைகளை நடக்க விட்டிருப்பார்கள் என்று தோன்றியது. திரும்பிப் படுத்தாள். யார் ஃபேவரிட்டோ என்று தோன்றியது. எழுந்து பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரங்கள்தான். அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு, மெட்டுகுடாவில் பழைய ஆபீஸ் சிநேகிதி சுமதியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மெட்டுகுடா ஸ்டேஷன் வந்தது, போயிற்று. அவள் இறங்கவில்லை.

"ஸார் வரலையா அம்மா?" என்றாள் சபீனா.

"அவர் நிறுத்திட்டார்."

"நீங்க?"

கல்பகம் ஐநூறை நீட்டினாள். சபீனா உடனே வாங்கவில்லை. "நக்கோ அம்மா, வேணாம். ஸாரே நிறுத்திட்டாரு, உங்களுக்குக் கைக்கு?" என்றாள் தணிந்த குரலில். பின்னாலிருந்து ஒருவன் "ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தினான். சபீனா நோட்டை வாங்கி டிக்கெட்டைக் கொடுத்தாள்.

அந்தக் குதிரை தோற்றது. கல்பகத்துக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ஓடுகிற அந்த ஒன்றரை நிமிஷம் இருக்கிறதே, அதில் முட்டி இல்லை, மாதவ் இல்லை, அடுத்த வேளைக்கு என்ன சமைப்பது என்பது இல்லை. வேறு எங்கேயும் அவளுக்கு அந்த ஒன்றரை நிமிஷம் கிடைத்ததில்லை. இதை அவள் அன்றைக்குத்தான், பக்கத்தில் விஸ்வநாத் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்துகொண்டாள். இது தன் விஷயமும்தான். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. ஏற்றாமல் கட்டியதால்தான் இத்தனை நாள் அது தெரியாமல் இருந்திருக்கிறது. அவர் ஏற ஏற, எங்கே நிற்கிறோம் என்று அவருக்கே பயம் வந்தது. ஐநூறில் பயப்பட என்ன இருக்கிறது?

அப்புறம் ஞாயிறுகளில் சுமதிக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போயிற்று. விஸ்வநாத் எதுவும் கேட்கவில்லை. நம்பினாரா என்று அவளுக்குத் தெரியாது. போகும்போது உற்சாகம் ஒன்றும் இருக்காது. காலையிலிருந்தே அலுப்பாக இருக்கும். இன்று வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே புடவை மாற்றுவாள். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே ஆட்டோவைக் கை காட்டுவாள்.

ஏப்ரலில் ஒரு நாள் அமீர்பேட் ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் ஓடவில்லை. படியில் பாதி ஏறியதும் வலது முட்டி மடங்க மறுத்தது. கூட்டம் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு போயிற்று. ஒரு பெண் போகிற போக்கில் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டு ஓடிப்போனாள். கல்பகம் பிளாட்பாரத்தில் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். மலக்பேட்டை போகும் ரயில் வந்து கதவைத் திறந்தது, மூடியது, போயிற்று. அடுத்ததும் அப்படியே. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். எதற்கு என்று நினைத்தாள். இரண்டிலும் சாரம் இல்லை. திரும்பிப் போய் வீட்டு ரயிலைப் பிடிக்கவும் உடம்பில் தெம்பில்லை. கடைசியில் விஸ்வநாத்துக்குப் போன் செய்தாள்.

"நான் அமீர்பேட்டுல இருக்கேன்."

"மெட்டுகுடாவைத் தாண்டிட்டே போலிருக்கு" என்றார்.

"ஆமாம்."

"அங்கேயே உக்காந்திரு. வரேன்."

ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. வியர்த்து வழிய, அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருவது தெரிந்தது. அவசரத்தில் வீட்டில் போட்டுக்கொள்ளும் செருப்போடு வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"நீங்க நிறுத்திட்டேள்" என்றாள் கல்பகம். "என்னால முடியலைன்னா."

"நீ ஐநூறுதானே கட்டறே…"

"அதான். ஐநூறுதானே, ஐநூறுதானேன்னு."

விஸ்வநாத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தானே உன்னைக் கூட்டிண்டு போனேன்" என்றார். "உன்னை ஒரு நாள்கூடக் கேக்கலை. உனக்கு எப்படி இருக்குன்னு கேக்கலை. கன்ட்ரோல்னு சொல்லிட்டேன், அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுட்டேன்."

ரயில் வந்த சத்தத்தில் பேச முடியவில்லை. அது போன பிறகு, "மாதவ்கிட்ட சொல்லிடலாம்" என்றாள். "கார் விஷயம், எல்லாம். உங்க கண்ணுக்கு இனிமே என்னால பதில் சொல்ல முடியாது."

"சொல்லிடலாம்."

சொன்னார்கள். மாதவ் முதலில் கத்தினான், இங்கிலீஷில். சுஷ்மா அவனை உள்ளே அழைத்துப்போய் ஏதோ பேசினாள். வெளியே வந்தவன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வெகு காலத்துக்குப் பிறகு தமிழில், "ஏன்மா சொல்லலை?" என்று கேட்டான். அவன் தமிழ் மழலை போல இருந்தது. "அலுப்பா இருந்ததுடா" என்றாள். அது உண்மைதான்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் அவள் மலக்பேட்டைக்குப் போயிருக்கிறாள், சொல்லிவிட்டே போயிருக்கிறாள். விஸ்வநாத் தடுக்கவில்லை. ஸ்டேஷன் வரை கூட வந்து, ரயில் ஏற்றிவிட்டு, சாயங்காலம் அதே ஸ்டேஷனில் வந்து நிற்பார். ஜெயித்தாயா, தோற்றாயா என்று கேட்க மாட்டார். ஜூனில் மாதவ் முட்டி அறுவைக்கு ஏற்பாடு செய்தான். பென்ஷன்காரர்களுக்கான மருத்துவத் திட்டம் ஒரு பங்கு கொடுத்தது, மீதியை அவன் போட்டான். மூன்று மாதம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள்ளேயே நடந்தாள். ரேஸ் நாட்கள் வந்தன, போயின. முதலில் நாள் தவறாமல் தெரிந்தது. பிறகு எப்போதாவது மறந்தது.

செப்டம்பரில் சபீனா போன் செய்தாள். கவுண்டர் வேலையை விட்டுவிட்டாளாம், மச்சானின் துணிக்கடையில் உட்காருகிறாளாம். "ஞாயித்துக்கெழம இப்பத்தான் வூட்ல இருக்கேன் அம்மா. பொழுதே போவ மாட்டேங்குது" என்றாள்.

"எனக்கும்தான்" என்றாள் கல்பகம். இருவரும் சிரித்தார்கள்.

ஞாயிறு மத்தியானங்கள் இன்னும் நீளமாகத்தான் இருக்கின்றன. ஒரு தடவை விஸ்வநாத் அலமாரியிலிருந்து சீட்டுக்கட்டு ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். "காசு வெச்சு இல்ல. சும்மா. ஒரு கை ரம்மி?"

கல்பகம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சீட்டுக்கட்டை மேஜைமேல் வைத்துவிட்டு மின்விசிறியைக் கூட்டினார்.

"வேண்டாம்னா" என்றாள் அவள். "சித்த நேரம் தூங்கலாம்."